வேலூரில் கடல் மீன்: இரண்டு கடலின் லாரியும் வந்து நிற்கும் ஊர்

வேலூருக்குக் கடல் இல்லை. ஆனால் இரண்டு கடலின் மீனும் இங்கே இறங்குகிறது. சென்னையின் காசிமேடு துறைமுகத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் ஓடி ஒரு வண்டி வருகிறது. மங்களூர், கார்வார், கேரளத் துறைமுகங்களிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி இன்னொன்று வருகிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தங்கள் துறையில் இறங்கியதுதான் மீன். நமக்கோ, எந்தக் கடல் இப்போது மீன்பிடித் தடைக்காலத்தால் ஓய்வில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை வாங்கும் வசதி உண்டு. இந்த வசதியை வேலூர்க் கடைகள் எந்த அளவுக்குத் தருகின்றன என்பதைப் பற்றியதே இந்த மதிப்பீடு. மீன் எவ்வளவு புதிது, விலை எவ்வளவு என்பதற்கு இங்கே இரண்டாம் இடம்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மக்கான் பக்கமுள்ள மீன் மார்க்கெட்தான் கடலுக்கு நல்லது செய்ய நினைப்பவர்களுக்கு ஏற்ற இடம். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக் கடைகள் இரண்டாவது. போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற சேவைகள் இப்போதைய நிலையில் கடைசி. சுத்தம் என்று பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும், அதையும் மறுக்க முடியாது.

மார்க்கெட்டுக்கு முதலிடம் கொடுத்ததற்குக் காரணம் எளிது. அங்கே மீன் முழுசாகக் கிடக்கிறது. தலை, வால், செவுள், வயிறு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். என்ன இனம், எத்தனை நீளம், எந்த வலையில் சிக்கியது என்று மீனே சொல்லும். துண்டு போட்டு, தோல் உரித்து, பாக்கெட்டில் அடைத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடுகிறது.

மீன் எந்த வலையில் சிக்கியது என்று இப்படிப் பார்க்கலாம். செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால் உடம்பைச் சுற்றி நூல் இறுக்கிய தடம் இருந்தால் செவுள் வலை. வாயோரத்தில் ஒரு கிழிசல், மற்றபடி செதில் கலையாமல் பளபளவென்று இருந்தால் தூண்டில். செதில் தேய்ந்து, வயிறு நசுங்கி, செவுளுக்குள் சேறு அப்பியிருந்தால் பெரும்பாலும் இழுவை மடி. செவுள் வலையில் கண்ணியின் அளவுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும். அதைவிடச் சிறியது நுழைந்து போய்விடும். விசைப்படகின் இழுவை மடி அப்படி இல்லை. அது கடலின் தரையை வழித்துக்கொண்டு வருகிறது. சாய்சதுரக் கண்ணி போட்ட மடியை இழுக்கும்போது பாரத்தில் கண்ணிகள் மூடிக்கொள்கின்றன, குஞ்சும் தப்ப வழியில்லை. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே இருக்கும் என்பதால்தான் ஆய்வாளர்கள் மடியின் கடைசிப் பகுதிக்கு அதைச் சொல்கிறார்கள். விற்க முடியாத பொடிசுகள் கழிசல் என்று ஒதுக்கப்பட்டு மீன்தூளாகி, கோழித் தீவனத்துக்குப் போகின்றன. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இதோடு சேர்ந்து கடற்புல்லும் பிடுங்கி வருகிறது. ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது இதற்காகவே.

இனி நாட்காட்டி. வேலூரில் மீன் வாங்குகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதுவும் 61 நாள். கேரளம் மட்டும் தன் எல்லைக்குள் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து 52 நாள் என்று வைத்திருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, அக்னி நட்சத்திரம் கொளுத்துகிற நேரத்தில், மேற்குக்கரை லாரியில் வருகிற மீனை வாங்குவது சரி. ஜூன் 15-லிருந்து ஜூலை முடிய கிழக்குக்கரை மீன் சரி. நடுவில் ஜூன் முதல் இரண்டு வாரம் ஏறக்குறைய இரண்டு பக்கமும் அடைத்திருக்கும். அந்தப் பதினைந்து நாள் சாத்தனூர் அணை, காவேரிப்பாக்கம் ஏரி என்று நம் பக்கத்து மீனுக்குப் போய்விடலாம்: கட்லா, ரோகு, ஜிலேபி. குழம்புக்கு ஒரு குறையும் வராது.

தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரையில் நிற்பதில்லை. கட்டுமரம், ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகும். அவை கொண்டுவருவது சட்டப்படி சரியான மீன். கேரளத்திலும் பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லை. அதனால் மே மாதத்தில் “காசிமேட்டு நெத்திலி, காலையில வந்தது” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நம்பலாம். ஜூலையில் “கேரளா மத்தி” என்றாலும் நம்பலாம். நெத்திலி, மத்தி, அயிலை எல்லாம் மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரிகிற மீன்கள். சிறிய படகுகளுக்கும் கிடைக்கும். ஆனால் மே மாதத்தில் கிழக்குக்கரைச் சங்கரா கூடைகூடையாக வந்து குவிந்திருந்து, இன்று பிடித்தது என்று சொன்னால் அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். சங்கரா தரையோரத்து மீன். தூண்டிலிலும் சிக்கும் என்றாலும், அத்தனை கூடை சேர்வது பெரும்பாலும் இழுவை மடியில்தான். ஒன்று அது குளிர்பதனக் கிடங்கில் இருந்த பழைய சரக்கு, அல்லது மேற்கிலிருந்து வந்தது. கிடங்குச் சரக்கை விற்பது குற்றமில்லை. புதுசு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

“அக்கா, இது எந்தத் துறை மீன்?” என்று கேட்டால் மார்க்கெட்டில் பெரும்பாலும் நேர் பதில் கிடைக்கும், ஏனென்றால் அவர்கள் ஏலத்தில் எடுப்பதே துறைமுகப் பெயரை வைத்துத்தான். கண்ணாடிக் கடைகளில் கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. மீன் வெட்டுகிறவரைக் கேளுங்கள். ஒரு கரும்பலகை வைத்து மீனின் பெயர், துறைமுகம், இறங்கிய தேதி மூன்றையும் தினமும் எழுதினால் இந்த ஊரின் கடைகள் சென்னைக் கடைகளுக்கே பாடம் சொல்லலாம். அதற்கு ஒரு சுண்ணக்கட்டிதான் செலவு.

அடுத்தது அளவு. மீன் ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகு பிடிபட வேண்டும் என்பதே கணக்கு. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவுகளைக் கேரளம் 2015-இல் 14 இனங்களுக்குச் சட்டமாக்கி, பிறகு 58 இனங்களுக்கு விரித்தது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14, வாளைக்கு 46, பெரிய வஞ்சிரத்துக்கு 50. இவை பிடிக்கவே கூடாத கீழ் எல்லைகள். மீன் முதிர்கிற அளவு இதற்கும் மேலே இருக்கிறது. மத்தி ஏறக்குறைய 15 செ.மீட்டரிலும், அயிலை 19 செ.மீ. அளவிலும், பெரிய வஞ்சிரம் சுமார் 70 செ.மீட்டரிலும்தான் முதல் சினைக்குத் தயாராகின்றன.

கடையில் ஸ்கேலை எடுத்து யாரும் அளக்கப் போவதில்லை. எண்ணிப் பார்த்தால் போதும். நல்ல அயிலை கிலோவுக்கு 12-லிருந்து 16 நிற்கும். 30-க்கு மேல் நின்றால் குஞ்சு. மத்தி கிலோவுக்கு 35 வரை இருக்கலாம். 60-ஐத் தாண்டினால் வாங்க வேண்டாம். கை அளவு இன்னும் சுலபம்: விரித்த கையின் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட அயிலை வந்தால் சரி. மேற்குக்கரையில் மத்தி முட்டையிடுவது மழைக்காலத்தில். அதன் குஞ்சுகள் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வலையில் குவியும். இந்த மூன்று மாதமும் எண்ணிக்கையைப் பார்க்காமல் மத்தி வாங்கக் கூடாது. நடுவில் புரட்டாசி வருவது நல்லதாகப் போயிற்று. ஊரில் பாதிப்பேர் கவுச்சியை நிறுத்திவிடுவதால் அந்தப் பொடிசுக்குத் தேவை குறைகிறது.

வஞ்சிரத்தில்தான் வேலூர் மோசம். ஒரு கிலோவுக்குள் இருக்கிற வஞ்சிரத்தை முழு மீனாகப் பொரிக்கக் கேட்கிறார்கள், ஓட்டல்களும் தட்டுக்கு அழகாக இருக்கிறது என்று அதையே எடுக்கின்றன. ஐம்பது செ.மீ. வஞ்சிரம் ஏறக்குறைய ஒரு கிலோதான் இருக்கும். அது இன்னும் ஒரு முட்டையும் இடாத மீன். குறைந்தது இரண்டரைக் கிலோ மீனிலிருந்து துண்டு வாங்குங்கள். கடைக்காரர் மீனை வெட்டும்போது பக்கத்தில் நின்றால் முழு மீனின் அளவு தெரிந்துவிடும். இதில் ஒரு விலக்கு: உடம்பில் வரிவரியாகக் குறுக்குக் கோடு போட்டிருப்பது பெரிய வஞ்சிரம், வட்ட வட்டப் புள்ளி வரிசையாக இருப்பது வேறு இனம். அது சிறியதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடும். புள்ளி வஞ்சிரம் ஒன்றரைக் கிலோ இருந்தாலும் தயங்க வேண்டியதில்லை.

நண்டு வாங்குகிறவர்கள் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். மடல் குறுகலாகக் கூம்பியிருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். பெண் நண்டின் மடலுக்கு வெளியே பஞ்சுபோல் முட்டைத்திரள் தொங்கினால் எடுக்காதீர்கள். அது ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, பொரிக்கப் போகும்போது கருக்கும். ஒரு நீலக்கால் நண்டின் திரளில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். சினை நண்டுக்குத் தனிச் சுவை என்று கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. சுவை தருவது ஓட்டுக்குள் இருக்கிற சினைதான். வெளியே தொங்குவது மண்போல் நறநறக்கும், கழுவிக் கொட்டத்தான் போகிறோம்.

சில மீன்களை அளவு பார்க்காமலே விட்டுவிட வேண்டும். முதலில் சுறா. மற்ற மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்போது பால் சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகளை மட்டுமே போடும். குட்டிகளைப் பிடித்துவிட்டால் ஈடுகட்ட ஆளில்லை. துண்டாகப் பார்க்கும்போது எந்தச் சுறா என்று சொல்லவும் முடியாது. நம் கடலில் உள்ள கொம்பன் சுறாக்களில் (சுத்தியல் தலைச் சுறா) இரண்டு இனங்கள் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் உள்ளன. வேளா மீன், கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சதக் களவா ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். அந்த அக்கறை சரியானது, மீன்தான் மாற வேண்டும். பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் பால் கொடுக்கும் தாய்க்கு அது நல்லதும் இல்லை. அதே புட்டைப் பாறை மீனில் செய்யலாம். மஞ்சள், உப்பு போட்டு எட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, தண்ணீரை நன்றாகப் பிழிந்து உதிர்த்தால் பூப்போல வரும். பிழியாமல் விட்டால் கடாயில் குழைந்துவிடும்.

கிளி மீன் என்று பச்சையும் நீலமுமாகச் சில நாள் வரும். பவளப்பாறையில் படரும் பாசியைக் கொறித்து, பவளம் மூச்சுவிட இடம் கொடுப்பது அது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்ததே அந்தப் பாறைகளுக்காக. அவற்றைத் துப்புரவு செய்கிற மீனைக் குழம்பில் போடுவதில் நியாயமில்லை. சுவையிலும் அது அப்படி ஒன்றும் உயர்ந்ததில்லை.

களவாவும் கொடுவாவும் எதிரெதிர். களவா பெண்ணாகத் தொடங்கி, பெரிதானதும் ஆணாக மாறும். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பெண்ணாகும். ஆகவே பெரிய களவாவை எல்லாம் பிடித்துவிட்டால் கூட்டத்தில் ஆண் இருக்காது. பெரிய கொடுவாவை எல்லாம் பிடித்தால் முட்டையிட ஆளிருக்காது. கொடுவாவுக்கு வழி இருக்கிறது, அதை உவர்நீர்க் குளங்களில் வளர்க்கிறார்கள். வளர்ப்புக் கொடுவா ஒரே அளவில், தட்டு நிறையச் சீராக வரும். தாராளமாக வாங்கலாம்.

இறாலில் எங்கள் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. கடல் இறால்தான் உசத்தி, குளத்தில் வளர்க்கிற வனாமி இறால் மட்டம் என்பது ஊர்ப்பேச்சு. கடல் இறாலுக்காக இழுக்கும் மடியில் இறாலைவிட மற்ற உயிர்கள் அதிகம் சிக்குவது சாதாரணம். ஆமைகளும் சிக்குகின்றன. மூச்சுவிட மேலே வர முடியாமல் வலைக்குள்ளேயே சாகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை எல்லாரும் பார்த்தோம். ஆமை தப்பும் கருவி வலையில் இல்லை என்பதற்காகவே 2019-லிருந்து அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. ஆந்திரத்திலிருந்து வருகிற வனாமிக்கும் குறை உண்டு. குளத்துக் கழிவுநீர், தீவனத்தில் சேரும் மீன்தூள் இரண்டும் கடலைத்தான் தொடுகின்றன. ஆனாலும் இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஆமைகள் கரைக்கு வருகிற ஜனவரி முதல் மார்ச் வரையாவது வனாமியே மேல்.

வீட்டுக்கு வரும் சேவைகளைக் கடைசியில் வைத்தது வெட்டுகிற முறைக்காக மட்டுமில்லை. பாக்கெட்டில் பொட்டலம் கட்டிய தேதி இருக்கிறது, கரையில் இறங்கிய தேதி இல்லை. “வஞ்சிரம் துண்டு” என்று இருக்கிறது, எத்தனை கிலோ மீனின் துண்டு என்று இல்லை. தோலில்லாத வெள்ளைச் சதையாக வருவது கொடுவாவா, பாசா என்கிற வளர்ப்புக் கெளுத்தியா என்று சமைத்த பிறகுதான் சந்தேகம் வரும். தோலோடு தரச் சொல்லுங்கள். தோல் இருந்தால் ஏமாற்ற முடியாது. சுத்தம் செய்வதற்கு முந்தைய எடையா, பிந்தைய எடையா என்பதையும் ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்தச் சேவைகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. முன்கூட்டியே ஆர்டர் வாங்குவதால், தேவையான அளவுக்கு மட்டும் துறைமுகத்தில் எடுத்து, வீணாகாமல் விற்க அவர்களால் முடியும். லேபிளில் இரண்டு வரி சேர்த்தால் வரிசையில் மேலே வந்துவிடுவார்கள்.

வீணாவது என்றதும் ஐஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழியில் கெட்டுப்போன மீன் கடலுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதே கணக்கு, அடியில் ஒரு படுக்கை, மேலே ஒரு மூடல். மார்க்கெட்டில் இது காலை ஏழு மணிக்கு ஒழுங்காக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் மேலே இருந்த ஐஸ் உருகி, மீன் வெறும் தண்ணீரில் கிடக்கும். அயிலை, சூரை இரண்டையும் அந்த நேரத்தில் வாங்கக் கூடாது. குளிர்ச்சி குறைந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதித்தாலும் அது போகாது, முகம் சிவந்து தடித்துவிடும். மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் என்கிற ரசாயனம் போட்டிருப்பார்களோ என்ற பயம் இருப்பவர்களுக்குக் கொச்சியின் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய சோதனைத் தாள் உண்டு. கடைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து வாங்கி வைத்தால் வாடிக்கையாளர் முன்னாலேயே தேய்த்துக் காட்டிவிடலாம். எடுத்துப்போக எவர்சில்வர் தூக்கு ஒன்று கொண்டு போங்கள், பாதி ஐஸ் போட்டுத் தரச் சொன்னால் தருகிறார்கள்.

கருவாட்டை ஒதுக்கிவிட முடியாது. வடாற்காட்டுச் சமையலில் பச்சை மீனுக்குச் சமமான இடம் அதற்கு. நெத்திலிக் கருவாடு நல்ல தேர்வு. நெத்திலி வளர்ந்தாலும் விரலளவுதான், சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் பெருகும். சிக்கல் கலப்புக் கருவாட்டில். வாரச்சந்தைக் குவியலில் ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் பரப்புங்கள். நெத்திலியின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஒரு வெள்ளிக்கோடு ஓடும். அந்தக் கோடு இல்லாதவற்றைப் பிரித்து வையுங்கள். நாடாபோல் சுருண்டிருப்பது குட்டி வாளை. நகம் அளவில் கால் சுருங்கிக் கிடப்பது கணவாய்க் குஞ்சு. கூடவே பொத்தான் அளவு நண்டும் இருந்தால் அந்தச் சரக்கு இழுவை மடியின் கழிசல்தான். நூற்றுக்கு நாலைந்து கலந்திருப்பது இயல்பு, கால்வாசி அப்படி இருந்தால் அந்தக் கடையில் காரணத்தைச் சொல்லிவிட்டே திரும்புங்கள். சுத்தமான நெத்திலியை வாங்கினால், வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மணல் அடியில் தங்கும்படி இரண்டு தண்ணீர் மாற்றி, மேலே இருந்து அள்ளி எடுங்கள். வடிகட்டியில் கொட்டினால் மணல் மறுபடி மீன்மேலேயே ஒட்டிக்கொள்ளும்.